முப்பதடிப் படகு ஏன் பாதி விலைக்கு வருகிறது?

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. சிறிய பாய்ப்படகுகளில் சில ஆண்டுகளாக ஓட்டிப் பழகியிருக்கிறேன். இப்போது கேபின் உள்ள ஒரு பழைய பாய்மரப் படகைச் சொந்தமாக வாங்க ஆசை. இரண்டு படகுகளைப் பார்த்திருக்கிறேன். முதலாவது 1988-இல் கட்டிய 30 அடி ஃபைபர் படகு. மூன்று ஆண்டுகளாகக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அடியில் புதுப் பெயிண்ட், புது மெத்தைகள், புது ஜிபிஎஸ். "கேபினில் இடப்பக்கப் படுக்கை மேல் மழைக்குக் கொஞ்சம் ஒழுகும், சின்ன வேலைதான்" என்கிறார் உரிமையாளர். இரண்டாவது 27 அடி, ஏறக்குறைய அதே வயது. பார்க்க மங்கிப்போய் இருக்கிறது, மெத்தை எல்லாம் சாயம் போனவை. ஆனால் ஒவ்வொரு சீசனும் ஓடியிருக்கிறது, பில்களையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். விலை முதல் படகைப் போல இரண்டு மடங்கு. பெரிய படகைக் குறைந்த விலைக்கு வாங்கி நானே மெல்லச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் மனைவிக்கு அதில் சம்மதமில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி "மழைக்குக் கொஞ்சம் ஒழுகும்" என்பது. படகுகளைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். உரிமையாளர் தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்ளும் இந்தச் சின்னக் குறைக்குப் பின்னால்தான் பழைய ஃபைபர் படகுகளில் பெரிய செலவு பல சமயம் காத்திருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஃபைபர் படகின் மேல்தளம் ஒரே கெட்டியான தகடு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான படகுகளில் அது மூன்று அடுக்கு. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒன்று, நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருப்பதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொண்டி, சன்னல் என்று எதைப் பொருத்தினாலும் இந்த மூன்று அடுக்கையும் துளைத்துத்தான் போல்ட் இறங்குகிறது. துளையை அடைத்த பசை நாளடைவில் இறுகி விரிசல் விடும். அந்த வழியாகத் தண்ணீர் நடுவிலுள்ள மரத்துக்குள் போகும். போன தண்ணீர் அவ்வளவு எளிதில் வெளியே வராது. மரம் கருத்து, ஊறி, கடைசியில் கூழாகும். இரண்டு தோல்களும் ஒட்டு விட்டுப் பிரியும். படுக்கை மேல் சொட்டுகிற தண்ணீர், நடு அடுக்கை நனைத்து முடித்துவிட்டு வெளியே வந்த தண்ணீராக இருக்கலாம். அது உள்ளே நுழைந்த துளை சில அடி தள்ளிக்கூட இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிளாஸ்டிக் பிடியுள்ள ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, பிடிப் பக்கத்தால் மேல்தளம் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகும். காது ஐந்தே நிமிடத்தில் பழகிவிடும். கைப்பிடிக் கம்பிகளின் அடி, சன்னல் ஓரம், பாய்மரம் நிற்கும் இடம், பக்கவாட்டுக் கம்பிவடங்கள் இறங்கும் இடம், இந்த நான்கையும் பொறுமையாகத் தட்டுங்கள். அப்புறம் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். காலடியில் தளம் லேசாக அமுங்கினால் அங்கே மரம் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் மந்த ஒலி வந்தால் பயப்பட வேண்டாம், அதை ஒரு வார இறுதியில் சரிசெய்யலாம். தளத்தில் கால்வாசி அப்படி ஒலித்தால் கதையே வேறு. மேல் தோலை அறுத்து எடுத்து, அழுகிய மரத்தைச் சுரண்டி, காயவிட்டு, புது மரம் ஒட்டி, மீண்டும் ஃபைபர் போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். வேலைக்குப் போகிற ஒருவர் வார இறுதிகளில் மட்டும் செய்தால் ஒரு சீசன் முழுக்க இதற்கே போய்விடும்.

இதோடு நிற்காத இன்னொன்று இருக்கிறது. இடப்பக்கப் படுக்கைக்கு மேலே என்கிறீர்கள். நடுக் கேபினின் படுக்கையாக இருந்தால், பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் கம்பிவடம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். அதைத் தாங்குவது செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டை. அந்தப் பட்டையைப் பல படகுகளில் கேபினின் குறுக்குச் சுவரான பிளைவுட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மூன்று ஆண்டு மழை அந்த வழியாக இறங்கியிருந்தால் பிளைவுட் கருத்திருக்கும். ஸ்டெயின்லெஸ் எஃகுதானே, துரு ஏறாதே என்று கேட்பீர்கள். காற்றுப் படாமல் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் அதுவும் இடுக்குகளில் உள்ளுக்குள் அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் பட்டை, தளத்துக்குள் மறைந்திருக்கும் அந்த ஓர் அங்குலத்தில் பாதி தின்னப்பட்டிருக்கலாம். காற்று வலுக்கும்போது அந்தப் பட்டை அறுந்தால் பாய்மரம் சாயும். எனவே அந்த ஒழுகலை மெத்தை நனைகிற பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். படுக்கைக்குப் பின்னுள்ள பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். குறுக்குச் சுவரில் கருமை தெரிந்தால் சின்ன ஆணி ஒன்றால் அழுத்திப் பாருங்கள். அது உள்ளே இறங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கீல். படகு கவிழாமல் நிமிர்த்தி நிறுத்தும் இரும்பு அல்லது ஈயப் பாரம் அது. பெரும்பாலும் படகின் அடியில் போல்ட்களால் தொங்குகிறது. சிலவற்றில் பாரம் ஃபைபருக்குள்ளேயே மூடி வார்க்கப்பட்டிருக்கும், அவற்றில் போல்ட் கவலை இல்லை. உங்கள் 30 அடி எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போல்ட் வகை என்றால், கீலும் உடலும் சேரும் கோட்டின் முன்முனையைப் பாருங்கள். அங்கே மெல்லிய கோடாகப் பெயிண்ட் வெடித்திருப்பது பழைய படகுகளில் சகஜம். வெடிப்பு வாய் திறந்தாற்போல அகன்றிருந்தாலும், அதிலிருந்து துருநீர் வழிந்த தடம் இருந்தாலும் சும்மா விடக்கூடாது. அப்புறம் கேபின் தரைப் பலகையைத் தூக்கி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே உள்ள உட்பகுதியைப் பாருங்கள். படகு பாறையில் முட்டினால் கீலின் அடி பின்னுக்குத் தள்ளப்படும், அதன் பின்முனை உடலை மேல்நோக்கிக் குத்தும். அங்குள்ள தாங்கு சட்டங்களில் விரிசலோ, ஒட்டுப் பிரிந்த அடையாளமோ, புதிதாகப் பூசிய தடமோ இருந்தால் அது தரைதட்டியதன் சாட்சி.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2014 மே மாதத்தில் சீக்கி ரஃபிக்கி என்ற சுமார் 40 அடிப் பாய்மரப் படகு அட்லாண்டிக் கடலில் கீல் கழன்று கவிழ்ந்தது. அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அடுத்த ஆண்டு தந்த அறிக்கை, முன்பு அந்தப் படகு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுகளும் சேர்ந்து கீலைத் தாங்கும் அமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று சொன்னது. "எப்போதாவது தரைதட்டியதா?" என்று உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். தட்டியது என்று சொல்லி, யார் சரிசெய்தார் என்ற பில்லையும் காட்டுகிறவரை நான் நம்புவேன். பத்து ஆண்டுகள் ஓட்டியும் தரையைத் தொட்டதே இல்லை என்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

புதுப் பெயிண்டுக்கு வருவோம். ஃபைபர் உடலில் நீர்க்கொப்புளம் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வாங்க வருகிறவர்கள் தேவைக்கு மேல் அஞ்சுவது இதற்குத்தான். அங்கங்கே சில கொப்புளங்கள் இருப்பதால் மட்டும் ஒரு படகு மூழ்கிவிடாது. அடிப்பகுதி முழுவதும் பரவியிருந்தால்தான் சுரண்டிக் காயவைத்துப் பூசுகிற பெரிய செலவு வரும். உங்கள் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், மூன்று ஆண்டுகள் கரையில் காய்ந்ததில் கொப்புளங்கள் வற்றிப் படிந்திருக்கக்கூடும், மேலே புதுப் பெயிண்டும் ஏறிவிட்டது. இனி கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரிரண்டு இடங்களில் உள்ளங்கை அளவு பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க உரிமையாளரின் அனுமதி கேட்க வேண்டும். ஈரமானி வைத்துப் பார்த்த ஒருவர் எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். செம்பு கலந்த அடிப் பெயிண்ட், சுவருக்குப் பின்னால் உள்ள உலோகத் தொட்டி, காலைப் பனி, எல்லாமே அந்தக் கருவியை ஏமாற்றும். தட்டிக் கேட்ட ஒலியும் ஈரமானியும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்களுக்கு ஒரே கேள்விதான்: எந்த ஆண்டு மாற்றினீர்கள்? பல காப்பீட்டு நிறுவனங்கள் 10 முதல் 15 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கின்றன. தேதி தெரியாது, பில் இல்லை என்றால் மாற்றும் செலவை முழுமையாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், வடம் எவ்வளவு மினுக்கினாலும் சரி. வடத்தின் முனையை அழுத்திப் பொருத்திய குழாய் போன்ற பகுதியில்தான் முடி போன்ற விரிசல் முதலில் வரும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருப்பது நல்லது. ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வடத்தின் ஆயுள் முடிந்தது. தளத்தின் மேல் நிற்கும் பாய்மரம் என்றால் அதன் அடியில் தளம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு நேர் கீழே உள்ள கேபின் கதவு சட்டத்தில் உரசி மூட மறுத்தாலும் அதே சந்தேகம்தான்.

சுக்கானைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடக்கூடாது. சுக்கானின் உள்ளே எஃகுத் தண்டும் அதில் பற்றவைத்த பட்டைகளும் இருக்கும். தண்டு நுழையும் இடத்தில் தண்ணீர் புகுந்து அந்தப் பட்டைகளை அரிக்கும். சுக்கானின் இரு பக்கங்களும் ஒட்டும் விளிம்பிலோ அடியிலோ பழுப்புக் கறை கசிந்திருந்தால் அதுதான் அறிகுறி. உடலைத் துளைத்து வரும் குழாய் வால்வுகள் ஒவ்வொன்றையும் கையால் மூடித் திறந்து பாருங்கள். சுரண்டிப் பார்க்கும்போது உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது துத்தநாகம் கரைந்துபோன பித்தளை. ஒரு நாள் கையோடு ஒடிந்து வரும், தண்ணீர் உள்ளே கொட்டும்.

எஞ்சின் விஷயத்தில் வாங்குகிறவர்கள் ஓடிய மணிக்கணக்கைப் பார்க்கிறார்கள். டீசல் எஞ்சினை ஓட்டம் கெடுப்பதைவிடச் சும்மா கிடப்பது அதிகம் கெடுக்கும். மூன்று ஆண்டு ஓடாத எஞ்சினில் குளிர்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் விசிறி (இம்பெல்லர்) கிழிந்திருக்கலாம், தொட்டி டீசலில் கிருமி வளர்ந்து கசடு கட்டியிருக்கலாம், சூடான புகையும் கடல்நீரும் கலக்கும் வளைகுழாய் உள்ளே அரித்து அடைத்திருக்கலாம். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், குளிரில் கிளம்ப அது அடம் பிடிப்பதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். எண்ணெய் பால் கலந்தது போல இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. சூடான பிறகும் நீலப் புகை நிற்காவிட்டால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் காற்றுப் போதவில்லை அல்லது சுமை அதிகம். எஞ்சினிலிருந்து உந்துவிசிறியைத் தாங்கும் கால் ஒன்று படகின் அடியைத் துளைத்து நேரே தண்ணீரில் இறங்கும் செயில்டிரைவ் வகை என்றால், உடலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவே பெரிய ரப்பர் வளையம் ஒன்று தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. எஞ்சின் நிறுவனமான வால்வோ பென்டா தன் செயில்டிரைவ்களில் அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

பாய்கள் தேய்ந்து தீரும் பொருள். விரித்துப் பார்த்துத் தையலை நகத்தால் கீறுங்கள். நூல் பொடிந்து வந்தால் வெயில் தின்றுவிட்டது. மெத்தை, ஜிபிஎஸ், ஸ்டீரியோ இவற்றுக்கு விலையில் நான் எதுவும் சேர்க்க மாட்டேன்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். உங்கள் 30 அடிப் படகு வகை, நாளைக்கே கடலில் இறக்கி ஓட்டலாம் என்ற நிலையில் 100 ரூபாய்க்கு விற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 40 கேட்கிறார்கள். மீதி 60-க்குள் கம்பிவடம், பாய், எஞ்சின் வேலை, தளம், செயின்பிளேட் எல்லாம் அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால், அந்த 40 எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் நீங்கள் 100-க்கு மேல் கொடுக்கிறீர்கள். பழைய படகில் போடும் பணம் விற்கும்போது திரும்ப வருவது மிகக் குறைவு. உங்கள் உழைப்புக்குக் கூலி இல்லைதான், ஆனால் வேலை முடியும்வரை படகுத்துறைக்கு மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டாத படகுக்கும் அந்த வாடகை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கு என்று ஒரு பொதுக்கணக்குச் சொல்வார்கள். மலிவாக வந்த படகுக்கு அது பொருந்தாது. கம்பிவடமும் பெயிண்டும் நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்று பார்ப்பதில்லை, படகின் அளவைத்தான் பார்க்கின்றன. 27-க்கும் 30-க்கும் மூன்றடிதான் வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் ஒரே வடிவத்தில் நீளம் அவ்வளவு கூடினால் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. பாயும் வடமும் நங்கூரமும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். இந்த இடத்தில் உங்கள் மனைவியின் தயக்கம் எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. இருவரும் சேர்ந்து அடிக்கடி கடலுக்குப் போக நினைத்தால், இரண்டு பேர் சிரமமில்லாமல் கையாளுகிற ஓடும் படகு வேண்டும்.

வயதை மட்டும் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பெரிய எண்ணிக்கையில் கட்டப்பட்ட முதல் ஃபைபர் பாய்மரப் படகுகளில் ஒன்றான 28 அடி பியர்சன் டிரைட்டன் 1959-இல் வெளிவந்தது. அந்த வகைப் படகுகள் இன்றும் ஓடுகின்றன. நல்ல ஃபைபர் எளிதில் சாகாது. அதைச் சுற்றியுள்ள மரமும் எஃகும் ரப்பரும்தான் கவனிப்பாரில்லாமல் போகின்றன. அதனால்தான் உங்கள் 27 அடிப் படகின் அந்தப் பில் கோப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். எண்ணெய் மாற்றிய தேதிகள் வரிசையாக இருக்கின்றனவா, வடங்கள் மாற்றிய ஆண்டு எது, வால்வுகள் எப்போது மாறின, கீல் பக்கம் ஏதாவது பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய செலவு இப்போதுதான் முடிந்திருந்தால் அந்த இரண்டு மடங்கு விலைக்குக் காரணம் அதிலேயே இருக்கும். ஆனால் மங்கலாக இருப்பதால் மட்டும் அது நல்ல படகாகிவிடாது. மேலே சொன்ன தட்டல், கீல், வடம் எல்லாவற்றையும் அதிலும் அப்படியே செய்யுங்கள்.

30 அடிப் படகை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லாத ஒரு சூழ்நிலை உண்டு. பழுது பார்ப்பதே உங்களுக்கு விருப்பமான வேலை, கூரையுள்ள இடம் இருக்கிறது, இரண்டு சீசன் கடலுக்குப் போகாவிட்டாலும் வருத்தமில்லை, தட்டிப் பார்த்ததில் தளத்தின் பெரும்பகுதி கெட்டியாக ஒலிக்கிறது என்றால் தாராளமாக முயலலாம். உங்கள் கடிதத்தில் ஓட்டுகிற ஆசைதான் தெரிகிறது, பழுது பார்க்கிற ஆசை அவ்வளவாகத் தெரியவில்லை. ஆகவே என் தேர்வு 27 அடி.

எதை வாங்கினாலும் "சர்வே அறிக்கையும் கடல் ஓட்டமும் திருப்தியாக இருந்தால் மட்டும்" என்று எழுத்தில் போட்டு, முன்பணம் திரும்ப வரும்படி விலை பேசுங்கள். சர்வேயரை, அதாவது என்னைப் போலப் படகைச் சோதித்து அறிக்கை தருபவரை, நீங்களே தேடி அமர்த்துங்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆளை, அவர் நல்லவராகவே இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள். படகைக் கரையேற்றிப் பார்க்கும் செலவு வாங்குபவருடையது, அதில் சிக்கனம் வேண்டாம். சர்வேயர் வேலை செய்யும்போது நீங்களும் கூடவே இருங்கள். அறிக்கையில் எழுத முடியாத பலவற்றை அவர் வாயால் சொல்வார். கடல் ஓட்டத்தில் எஞ்சினை முழு வேகத்தில் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கையேட்டில் சொன்ன சுழற்சியை எட்டுகிறதா என்று பாருங்கள். பாய் விரித்து நன்றாகச் சாய்ந்து ஓடும்போது காற்று வராத பக்கத்து வடம் தொளதொளவென்று ஆடினால் சர்வேயரிடம் சொல்லுங்கள். வடத்தை இறுக்கினாலே போதுமா, உடல் வளைந்து கொடுக்கிறதா என்று அவர் பார்ப்பார். அப்புறம் காகிதங்கள். படகின் பின்புற வலது மேல்மூலையில் பதித்த அடையாள எண் உரிமைப் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். படகின் மேல் கடனோ துறை வாடகைப் பாக்கியோ இல்லை என்பதற்கும் எழுத்தில் சான்று வாங்குங்கள். மூன்று ஆண்டு கரையில் நின்ற படகில் இந்தப் பாக்கியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

முதலில் 27 அடிப் படகைக் குளிர்ந்த எஞ்சினோடு போய்ப் பாருங்கள், மனைவியையும் அழைத்துப் போங்கள். அதற்குப் பிறகும் 30 அடிதான் மனத்தில் நிற்கிறது என்றால், படுக்கைப் பலகையைக் கழற்றவும் பெயிண்டைச் சுரண்டவும் உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். சம்மதித்தால், குறுக்குச் சுவரின் படத்தையும் தளத்தில் மந்த ஒலி வந்த இடங்களைக் குறித்த ஒரு கோட்டுப் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மறுத்தால் எழுத வேண்டாம், அந்தப் படகை விட்டுவிடுங்கள்.